நான்காம் தடத்தில் என் கட்டைவிரல்

என் மகள் டார்சி மாநில நீச்சல் போட்டிக்குப் போக வேண்டுமானால் நூறு மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை ஒரு நிமிடம் இருபத்தொன்பதரை வினாடிக்குள் முடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கென்று சிட்னியில் யாரோ மேஜையில் உட்கார்ந்து போட்ட எண் அது: 1:29.50. எங்கள் வீட்டில் எல்லோருடைய பிறந்த நாளையும் நான் மறந்திருக்கிறேன். இந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நவம்பரில் 1:30.12. ஜனவரியில் 1:29.80. பிப்ரவரியில் 1:29.58. அதாவது ஒரு வினாடியை நூறாகப் பிரித்து, அதில் எட்டுத் துண்டு அதிகம். அன்று வீட்டுக்கு வந்ததும் போனிலிருந்த ஸ்டாப்வாட்சை அழுத்தி, என்னால் முடிந்த வேகத்தில் மறுபடி அழுத்திப் பார்த்தேன். பதினான்கு துண்டு ஆனது. விடாமல் முயன்று பதினொன்றுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி கிர்ஸ்டி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தபோது நான் சமையலறையில் நின்று நாற்பதாவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பம்பு மெக்கானிக். எங்கள் ஊரான வில்லாராவைச் சுற்றியுள்ள பண்ணைகளில் எண்பது மீட்டர் ஆழத்திலிருக்கும் தண்ணீரை மேலே கொண்டுவருவது என் தொழில். என்னைத் தண்ணீரில் இறக்கினால் அதே எண்பது மீட்டரை எதிர்த் திசையில் போவேன். நான் நீந்துவதைப் பார்த்த டார்சி, ஏழு வயதிலேயே, அன்பாக என் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுவந்து விட்டவள்.

நான்தான் பெண்ணை நீச்சலுக்குப் பிடித்துத் தள்ளுகிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் தினமும் காலை நாலே முக்காலுக்கு அவள்தான் என்னைக் கட்டிலிலிருந்து தள்ளுகிறாள். குளிர்காலத்தில் எங்கள் ஊர் நீச்சல் குளத்தை மூடிவிடுவார்கள். அப்போது எழுபது கிலோமீட்டர் தள்ளி டப்போவுக்கு. வழியெல்லாம் கங்காரு குறுக்கே பாயுமோ என்று நான் கண்ணை விழித்துக்கொண்டு ஓட்ட, அவள் பக்கத்தில் வாய் திறந்து தூங்குவாள். ஒன்பது வயதில் ஒரு நாள் அவளே முடிவு செய்தாள், சிட்னியில் பெரிய குளத்தில் நீந்தப் போகிறேன் என்று. ஏன் என்று கேட்டேன். "அங்க தண்ணி ரொம்ப ஆழமாம்பா" என்றாள். இதற்கு மேல் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. நானும் வண்டியைக் கிளப்பியவன்தான், இன்னும் நிறுத்தவில்லை.

பிப்ரவரியில் அந்த எட்டுத் துண்டு தவறியபோது நான் ஒரு காரியம் செய்தேன். அவள் நீந்திய தடத்தில் நேரம் பார்த்த இரண்டு பேரும் பதினைந்து வயதுப் பிள்ளைகள்; அதில் ஒன்று குச்சி ஐஸ் சப்பிக்கொண்டிருந்தது. நான் நேராகக் கீத் பாமராயிடம் போனேன். கீத்தான் எங்கள் வட்டாரத்தில் நேரம் பார்ப்பவர்களுக்கெல்லாம் தலைவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பையில் நான்கு பேனா. குச்சி ஐஸோடு நேரம் பார்ப்பவர்களை நம்பி என் பெண்ணின் ஐந்து வருட உழைப்பை ஒப்படைக்க வேண்டுமா என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டதாக எனக்கு ஞாபகம். கார் நிறுத்துமிடம் வரை என் குரல் கேட்டதாகக் கிர்ஸ்டி சொல்கிறாள்.

கீத் முழுவதும் கேட்டார். பிறகு, "உங்க பொண்ணு அஞ்சு வருஷமா நீந்துறா, கிளென். ஒரு நாளாவது நீங்க வாட்ச் பிடிச்சிருக்கீங்களா?" என்றார்.

அது நியாயமில்லாத கேள்வி. நியாயமில்லாதது என்பதன் பொருள், என்னிடம் பதில் இல்லை. எங்கள் பக்கத்துப் போட்டிகளில் நேரம் பார்ப்பது பெற்றோர்களின் வேலை; அவர்கள் வராவிட்டால் பெரிய பிள்ளைகள் நிற்பார்கள். ஒவ்வொரு கிளப்பும் தன் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி ஆள் அனுப்ப வேண்டும். ஐந்து வருடமாக நான் போட்டிக்கு வருகிறவர்களுக்குச் சாசேஜ் சுடும் அடுப்பின் பின்னால் இடுக்கியோடு ஒளிந்து தப்பித்து வந்தேன். வெங்காயம் வதக்குவதில் எனக்கு ஒரு பெயரே இருந்தது.

"அடுத்த போட்டிக்கு வாங்க," என்றார் கீத். "உங்க மாதிரி அக்கறை இருக்கறவங்கதான் வேணும்."

இப்படித்தான் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள கில்காராவில், குளத்தின் விளிம்பில், கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க நான் நின்றேன். மாநிலப் போட்டிக்கு நேரம் காட்ட அதுவே கடைசி நாள். அன்று தவறினால் தவறியதுதான்.

சாதாரணமாக அந்தக் குளத்தில் சுவரில் பதித்த பலகை உண்டு. கை பட்டதும் நேரம் தானாகப் பதிவாகும். அந்த வாரம் வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் கூட்டமாக வந்திறங்கி அதன் வயர் முழுவதையும் கடித்துத் துப்பிவிட்டுப் போயிருந்தன. ஆகவே கை வாட்ச்தான். ஆளும் குறைவு. ஒரு தடத்துக்கு மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். இரண்டு வாட்சையும் கூட்டிப் பாதி போட்டால் வருவதே அந்தப் பிள்ளையின் நேரம்.

காலையில் நிழலில் எங்களை எல்லாம் உட்காரவைத்துக் கீத் பாடம் நடத்தினார். தொடங்கும்போது ஒலியைக் கேட்டு அழுத்தாதே, விளக்கைப் பார்த்து அழுத்து. முடியும்போது விளிம்புக்கு வந்து குனிந்து நில். உற்சாகப்படுத்திக் கத்தாதே. "கையப் பாருங்க. முகத்தப் பாக்காதீங்க. முகத்துல டைம் எழுதியிருக்காது," என்றார். கடைசியாக, "உங்க சொந்தப் பிள்ளை உங்க லேன்ல வந்தா, இப்பவே கையத் தூக்குங்க. வேற லேன் மாத்தி விடறேன்."

எனக்குக் கொடுத்திருந்தது நான்காம் தடம். டார்சியின் பந்தயத்தில் அவளுக்குக் கொடுத்திருந்ததும் நான்காம் தடம். நிகழ்ச்சித் தாளில் அதை மஞ்சள் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தவனே நான்தான்.

இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். என் கையும் மேலே எழுந்தது. பாதி வழியில் அது மனம் மாறி என் தொப்பியைச் சரிசெய்தது. அந்த நேரத்தில் என் மூளைக்குள் ஓடியதை மறைக்க ஒன்றுமில்லை: வேறு யாரோ ஒருவர் குச்சி ஐஸோடு அவள் தலைமேல் நிற்பதைவிட நான் நிற்பது மேல். இந்த வட்டாரத்திலேயே அவளுடைய நேரத்தில் என்னைவிட அக்கறை உள்ளவன் யார்?

என்னோடு நான்காம் தடத்தில் நின்றவள் லியான் டிரான்டர். கில்காராவில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். என்னைவிட உயரம். இரண்டு பையன்கள் நீந்துகிறார்கள், இரண்டு பேருமே முதல் வளைவிலேயே கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று திரும்பி வருகிறவர்கள். அதனால் அவளுக்கு எந்தப் பதற்றமும் இல்லை. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் இருவரும் வாட்சை ஒட்டவைத்துப் பார்த்துக்கொள்வோம். என்னுடையதும் அவளுடையதும் மூன்று துண்டு, நான்கு துண்டு வித்தியாசத்தில் வந்தன. ஒரு முறை துல்லியமாக ஒன்றாகவே வந்தது.

"ஆபரேஷன் பண்ற டாக்டர் கை மாதிரி இருக்கே உனக்கு," என்றாள்.

எனக்குத் தலை கொஞ்சம் பெருத்தது. பத்தாவது பந்தயத்துக்குள், நாட்டில் நேரம் பார்க்கும் தரமே என்னால் உயர்ந்துவிட்டது போல நடக்கத் தொடங்கியிருந்தேன். பக்கத்துத் தடத்தில் ஒருவர் விளக்கைப் பார்க்காமல் ஒலிக்கு அழுத்தியபோது அவருக்கு நான் கீத்தின் பாடத்தைத் திருப்பிச் சொன்னேன். அவர் எட்டு வருடமாக வாட்ச் பிடிப்பவராம்.

இருபத்து மூன்றாவது பந்தயம் வந்தது. டார்சி துவக்க மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் பந்தய எண்ணும் தட எண்ணும் கறுப்பு மையில். தொப்பியை இழுத்துக் காதை மூடினாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ இங்க என்ன பண்ற?"

"டைம் பாக்கறேன்."

"என் லேன்லயா?"

"நம்பிக்கையான ஆளா இருக்கட்டுமேன்னுதான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பாசம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. "என்கிட்ட பேசாத. என்னப் பாக்காத," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். கீத் சொன்னதையேதான் அவளும் சொன்னாள். இரண்டு பேரும் வேறு வேறு வார்த்தையில் சொன்னதால் எனக்கு உறைக்கவில்லை போலும்.

விளக்கு மின்னியது. அழுத்தினேன். சுத்தமான தொடக்கம், லியானும் தலையசைத்தாள்.

முதல் ஐம்பது மீட்டரை டார்சி நாற்பத்திரண்டு வினாடியில் முடித்துத் திரும்பினாள். அவளுடைய வாழ்க்கையிலேயே வேகமான முதல் ஐம்பது. திரும்பும்போது இரண்டு கையும் ஒன்றாகச் சுவரில் பட்டன, பிசகில்லை. எழுபத்தைந்தில் பக்கத்துத் தடத்துப் பெண் அவளோடு சமமாக வந்தாள். வழக்கமாக அங்கேதான் டார்சியின் கால்கள் கனக்கும். அங்கேதான் நவம்பரும் ஜனவரியும் பிப்ரவரியும் போயின. இந்த முறை கனக்கவில்லை. ஒவ்வொரு உதைக்கும் அவள் ஒரு முழம் முன்னால் வந்தாள்.

நான் விளிம்புக்கு வந்து குனிந்தேன். கத்தக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு கையையும் முஷ்டியாக இறுக்கினேன். ஐந்து மீட்டர் இருக்கும்போது மூச்சுக்காக அவள் தலை மேலே வந்தது. நான் முகத்தைப் பார்த்தேன்.

பார்த்திருக்கக் கூடாது. ஆனால் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிய முகம். பல் தெரிய, கன்னம் உப்ப, பிறந்த அன்று எப்படி உலகத்தின்மேல் கோபமாக வந்தாளோ அதே கோபத்தோடு வந்துகொண்டிருந்தாள். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு எனக்கு வாட்சும் இல்லை, குளமும் இல்லை.

பக்கத்தில் லியானின் வாட்ச் 'க்ளிக்' என்றது.

நானும் அழுத்தினேன். அழுத்த முடியவில்லை. இறுக்கிய முஷ்டிக்குள் என் கட்டைவிரலே மற்ற நான்கு விரல்களுக்கு அடியில் சிக்கிக்கொண்டிருந்தது. அதை உருவி வெளியே எடுத்து அழுத்தினேன்.

லியான் தன் வாட்சைக் காட்டினாள். 1:29.31.

என்னுடையது 1:29.74.

நான் வரி கட்டும் படிவத்தைக்கூட ஆள் வைத்து நிரப்புகிறவன். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் என் தலை ஒரே வினாடியில் போட்டது. இரண்டையும் கூட்டிப் பாதி, 1:29.52. வேண்டியது ஐம்பது. இரண்டு துண்டு அதிகம்.

கீழே தண்ணீரில் டார்சி தடக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். முடித்ததும் தலைக்கு மேல் நிற்பவரிடம் நேரம் கேட்பார்கள். "எவ்வளவுப்பா?" என்றாள். நான் வெளியே வரச் சொன்னேன், அடுத்த பந்தயம் தொடங்கப் போகிறது என்றேன். அவள் முகத்தில் இன்னும் சந்தேகம் விழவில்லை. நன்றாக நீந்தினோம் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு நேரத்தையும் எழுத வேண்டிய சீட்டு என் கையில். லியான் தன்னுடையதை எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வாட்சைப் பார்த்தாள், பிறகு தண்ணீரிலிருந்து ஏறிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"உன் பொண்ணா அது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னோடதையே எழுதிக்க. அவ தொட்டது முப்பத்தொண்ணுல. நான் கண்ணால பாத்தேன்."

இதுதான் என்னைக் கொன்றது. அவள் சொன்னது உண்மை. என் வாட்ச் காட்டுவதுதான் பொய். உள்ளதை உள்ளபடி எழுதினால் நடக்காத ஒன்றை எழுதியவனாவேன். மாற்றி எழுதினால் நடந்ததை எழுதியவனாவேன், ஆனால் திருடனாவேன். இதை எல்லாம் உட்கார்ந்து யோசிக்க ஒரு வாரமும் ஒரு பெட்டி பீரும் இருந்தால் தேவலாம். எனக்குக் கிடைத்தது கீத் மூன்றாம் தடத்திலிருந்து நான்காம் தடத்துக்கு நடந்து வரும் நேரம். அவருக்கு முழங்கால் வலி. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

பேனா முனை சீட்டில் பட்டது. முப்பத்தொன்று என்று எழுதுவதற்கு மூன்றைப் போட வேண்டும், எழுபத்து நான்குக்கு ஏழைப் போட வேண்டும். நான் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு நிறுத்தினேன்.

"கீத்," என்றேன். "நான் லேட்டா அழுத்திட்டேன். என்னோட டைம அடிச்சு விட்டுருங்க."

அவர் நின்றார். "எவ்வளவு லேட்டு?"

"நாலு விரல் லேட்டு," என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையை முஷ்டியாக மடக்கி, கட்டைவிரல் எங்கே இருந்தது என்று செய்துகாட்டினேன். ஐம்பது வயதை நெருங்கும் ஆண் ஒருவன் பொது இடத்தில் செய்துகாட்டக்கூடிய காரியமில்லை அது.

என் நேரத்தை அடித்துவிட்டால் மிச்சம் ஒரு வாட்ச்தான் என்றார் கீத். மாநிலப் போட்டிக்கு ஒற்றை வாட்ச் நேரத்தை எங்கள் வட்டாரத்தில் ஏற்க மாட்டார்கள். இந்த நீச்சலே இல்லை என்றாகிவிடும். என்னுடையதை வைத்துக்கொண்டால் ஐம்பத்திரண்டு. எப்படிப் பார்த்தாலும் மாநிலப் போட்டி இல்லை. அவர் இதைச் சொல்லும்போது குரலில் குத்தல் இல்லை. ரயில் போய்விட்டது என்று பயணியிடம் சொல்கிறவரின் குரல் அது.

பிறகு சீட்டைப் பார்த்தார். "டார்சி அட்வுட். உங்க பொண்ணு உங்க லேன்ல."

"ஆமா."

"காலைல கையத் தூக்கச் சொன்னேனே."

"ஆமா."

அதைக் கேட்டதற்குப் பதில் அவர் என்னை அந்தக் குளத்துக்குள் தள்ளியிருக்கலாம். "வாட்ச்ல உள்ளத எழுதுங்க," என்றார். நான் எழுதினேன். அவர் கீழே தன் கையெழுத்தில், நேரம் பார்த்தவர் தாமதமாக நிறுத்தியதாகத் தாமே தெரிவித்தார் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு போனார். அப்புறம் என்னை நான்காம் தடத்திலிருந்து எடுத்துவிட்டு, எனக்குப் பதிலாக ஒரு பெண்ணைப் போட்டார். அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும்.

கழிவறைச் சுவரில் முடிவுகளை ஒட்டுவார்கள். நான் போவதற்குள் டார்சி அங்கே நின்றாள். 1:29.52 என்ற வரியின்மேல் ஈர விரல் வைத்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும்.

சொன்னேன். கட்டைவிரல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். லியானின் வாட்சைக் கேட்டாள், அதையும் சொன்னேன்.

"அப்போ நான் பண்ணிட்டேன்," என்றாள்.

"பண்ணிட்ட."

"ஆனா பண்ணல."

"ஆமா."

அவள் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தாள். "எல்லாருக்கும் தெரியுமே, சொந்தப் பிள்ளன்னா கையத் தூக்கணும்னு. எட்டு வயசுப் பசங்களுக்கே தெரியும். நீ ஏன் தூக்கல?"

பக்கத்தில் இருக்கணும்னு தோணுச்சு என்றேன். அவள் துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு எங்கள் கிளப்பின் கூடாரத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு இன்னும் மூன்று பந்தயம் இருந்தது. மூன்றிலும் என்னைத் தாண்டித்தான் நடந்தாள், தண்ணீர்க் குழாயைத் தாண்டுவது போல.

அவளுடைய கோச் பெர்னிஸ் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எனக்கு அது தேவைப்பட்டது. அவளோ என்னிடம் வராமல் நேராகக் கீத்திடம் போனாள். சீட்டில் அவர் எழுதியிருந்த அந்த ஒற்றை வரியைக் காட்டி, தவறு பிள்ளையுடையது இல்லை, நேரம் பார்த்தவருடையது; ஆகவே எல்லாப் பந்தயமும் முடிந்தபின் அவள் தனியாக ஒரு முறை நீந்த அனுமதி வேண்டும் என்று கேட்டாள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். சரி என்றார்கள். மூன்று வாட்ச். ஒன்றைக் கீத்தே பிடிப்பார்.

நான் அந்தச் செய்தியைக் கேட்டு முதல் முறையாக மூச்சு விட்டேன். அடுத்த நிமிடம் கீத் என்னிடம் வந்தார். "நீங்க கொஞ்சம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தா நல்லது, கிளென். யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுல்ல." நான் வேலிக்கு அந்தப் பக்கம் போனேன். இன்னும் தள்ளிப் போகச் சொல்லியிருந்தால் டப்போவுக்கே போயிருப்பேன்.

நான்கு மணிக்கு மேற்கிலிருந்து காற்று எழும்பியது. அந்தப் பகுதியில் மார்ச் மாதத்தில் பிற்பகலானால் எழும்பும், எனக்குத் தெரியும், அன்றைக்கு மட்டும் மறந்து தொலைக்கக்கூடாதா என்று அதனிடமும் கோபப்பட்டேன். பாதிக் குடும்பங்கள் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தன. ஒரு கூடாரம் பிடி நழுவிப் புல்வெளியில் உருண்டது. மற்ற ஏழு தடமும் காலியாக இருக்க, நான்காவதில் மட்டும் என் பெண். அன்று அவள் நீந்தும் ஐந்தாவது நீச்சல்.

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகும் ஐம்பது காற்றோடு, நன்றாகப் போனாள். திரும்பும் ஐம்பது காற்றுக்கு எதிராக. ஒவ்வொரு முறை அவள் தலையைத் தூக்கும்போதும் சின்ன அலை வந்து முகத்தில் அறைந்தது. எழுபத்தைந்தில் கால்கள் கனத்தன. அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. என் வாய் தானாக அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். கூடாரம் மடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிறுத்திவிட்டு வந்து வேலியோரம் என்னோடு நின்றாள். யாரென்று தெரியாது. அவளும் சேர்ந்து கத்தினாள்.

மூன்று வாட்சும் ஒன்றுகூடின. மூன்று தலையும் குனிந்தன. அவை நிமிர்ந்த விதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் கீத் அந்த முழங்காலோடு குளத்தைச் சுற்றி, கேட்டைத் திறந்துகொண்டு, வேலிக்கு வெளியே நின்ற என்னிடம் நேரில் வந்து சொன்னார். 1:30.06. மூன்று வாட்சும் ஒத்துப்போயின. "இதே புள்ள காலைல இதைவிட வேகம்," என்றார். "எனக்கும் தெரியும். ஒண்ணும் பண்றதுக்கில்ல." கையை நீட்டினார். குலுக்கினேன். எந்தக் கையைக் கொடுத்தேன் என்று பிறகு யோசித்தபோது அந்தக் கட்டைவிரல் உள்ள கைதான்.

வீட்டுக்குப் போகும்போது டார்சி கோச்சின் காரில் போகிறேன் என்று சொல்வாள் என நினைத்தேன். சொல்லவில்லை. என் வண்டியில் ஏறி, காலை மேலே தூக்கிவைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மணி நேரம் கோதுமைத் தாள் மட்டும் நிற்கும் வயல்கள், தானியக் குதிர்கள், மறுபடி வயல்கள். நான் இரண்டு மூன்று வாக்கியம் தயாரித்தேன். ஒவ்வொன்றும் 'நான்' என்று தொடங்கியதால் விழுங்கிவிட்டேன்.

ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். "நான் இன்னும் உங்கிட்ட பேசல," என்றாள்.

"சரி."

"எனக்கு இறச்சிப் பை ஒண்ணு. சாஸ் வேணும்."

மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட அந்தப் பண்டத்தை வாங்கி வந்தேன். வண்டி நகர்ந்து, அவள் பாதியைத் தின்று முடித்தாள். பிறகு, அடுத்த வருடம் பதிமூன்று வயதுக்கு எவ்வளவு என்று கேட்டாள். அவளுக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஒன்று இருபத்தாறு என்றேன். அவள் மென்றாள். மூன்று வினாடிக்கும் மேலே. ஒரு வருடத்தில் குறைக்க முடியுமா முடியாதா என்று நானும் கணக்குப் போட்டேன், அவளும் போட்டாள். ஒருவர் விடையை மற்றவர் கேட்கவில்லை.

"அந்த முடி வெட்டற ஆன்ட்டி பொய் சொல்ற ஆளு இல்லயே?"

"இல்ல. காலைலேர்ந்து அவ வாட்ச் ஒரு தடவகூடத் தப்பல."

"அவ வாட்ச்ல என்ன இருந்துச்சு?"

"சொன்னேனே."

"திரும்பச் சொல்லு."

"ஒண்ணு இருபத்தொம்போது முப்பத்தொண்ணு."

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். காதோரம் இன்னும் தொப்பியின் ரப்பர் தடம் இருந்தது. பை தீர்ந்து வெறும் காகிதம் மடியில் கிடந்தது. அதை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"இன்னொரு தடவ."

"ஒண்ணு இருபத்தொம்போது முப்பத்தொண்ணு," என்றேன்.

வில்லாரா இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது. அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.